எண்ணெய் வண்ணமும் கடல்நீர் விளக்கும்: வன்னிக் கரையின் நிலவொளிக் கடற்காட்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நிலவொளியிற் கடலைத் தீட்டுதல், எண்ணெய் வண்ணம் பயிலத் தொடங்குவோர் விரும்பிக் கைக்கொள்ளும் பொருள்களுள் ஒன்று. கருநீலப் பரப்பு, நடுவே வெண்ணிற வட்டம், அதன் கீழே அலைகளின்மீது நெளிந்து வரும் ஒளித்தடம், ஓரத்தில் ஒரு பாய்க்கப்பல் அல்லது சாய்ந்த தென்னை. நாட்காட்டிகளிலும் வாழ்த்து மடல்களிலும் இப்படத்தை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். இயற்கையை உள்ளவாறே எடுத்துக்காட்டுவதாகத் தோன்றும் இக்காட்சி, உண்மையில் ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சமூகத் தேவைகளின் அடியாகப் பிறந்த ஒரு கலைவகை. அதன் வரலாற்றை நோக்காது அதனைப் பயில்வதும் பயிற்றுவதும், பிறர் நின்று பார்த்த இடத்தையே நமது இடமாக ஏற்றுக்கொள்வதாக முடியும்.

இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா எளியது. முல்லைத்தீவுக் கரையில் நின்று இப்படத்தை வரைய முற்படும் ஒருவர் எதனைத் தீட்டுவார்? வன்னியைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காட்டையும் குளத்தையும் வயலையுமே கருத்திற் கொண்டவை. வவுனியா கடலற்ற மாவட்டம். ஆயினும் கிளிநொச்சி மாவட்டம் பூநகரிப் பக்கத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரியைத் தொட்டுநிற்க, முல்லைத்தீவு மாவட்டமோ சாலையிலிருந்து கொக்கிளாய்வரை நீண்ட கடற்கரையை உடையது. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய நீரேரிகள் அக்கரையின் பின்னே கிடக்கின்றன. வன்னியின் இக்கடல் முகம் எழுத்திலும் ஓவியத்திலும் போதிய இடம் பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1

முதலில், இக்கலைவகையின் தோற்றத்தை நோக்குவோம். நமது மரபு ஓவியங்களில் இரவு என்பது ஒளியின் நிலையன்று. அஃது ஓர் அடையாளம். இராஜஸ்தானி, பஹாரிச் சிற்றோவியங்களில் வானில் ஒரு பிறையும் சில விண்மீன்களும் வரையப்பட்டால் அஃது இரவு. அதன்கீழ் நிற்கும் மாந்தரின் ஆடையும் அணியும் பகலிற்போலவே துலங்கும். நாயக்கர் காலச் சுவரோவியங்களிலும் கண்டியக் காலத்து விகாரை ஓவியங்களிலும் நீர் என்பது வரிவரியான அலைக்கோடுகளாலும் அவற்றிடையே நீந்தும் மீன்களாலும் குறிக்கப்பட்டது. ஓவியன் நிலவையும் கடலையும் அறியாதவன் அல்லன். ஒளி எவ்வாறு நீரில் விழுகின்றது என்பது அவன் விடை காணவேண்டிய வினாவாக இருக்கவில்லை.

அவ்வினாவை எழுப்பியதும் அதற்கு விடைகாணும் கருவியைத் தந்ததும் எண்ணெய் வண்ணமே. ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த நிறப்பொடி, நீர் வண்ணம்போல் உலர்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல இறுகுகின்றது. இதனால் ஓவியன் ஈரமான இரு நிறங்களை ஒன்றோடொன்று கரைத்து இருளிலிருந்து ஒளிக்கு எல்லைக்கோடின்றி நகர முடிந்தது. இருண்ட அடித்தளத்தின்மீது ஒளி ஊடுருவும் மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இடவும், இறுதியில் அலைமுகட்டின் மின்னலைத் தடித்த வெள்ளையால் எழுப்பவும் முடிந்தது. நிலவொளிக் கடலின் ஆழமும் பளபளப்பும் இந்த மூன்று செயல்முறைகளாலும் ஆக்கப்படுபவை.

கருவி மட்டும் கலைவகையை உண்டாக்குவதில்லை. அதனை வேண்டும் ஒரு வர்க்கமும் தேவை. 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்திலே நிலவொளிக் காட்சிகளுக்கெனவே பெயர்பெற்ற ஆர்ட் வான் டெர் நேர் வாழ்ந்தார். கடலும் கப்பலும் தீட்டுவோர் பலர் அவர் காலத்தில் அங்கே தொழில் நடத்தினர். அப்படங்களை வாங்கிச் சுவரில் மாட்டியோர் வணிகரும் அவரைச் சார்ந்த நகரத்து நடுத்தர வர்க்கத்தினருமாவர். அவர்களுக்குக் கடல் என்பது செல்வம் வரும் வழி. அதே நூற்றாண்டில், 1658இல், யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி வன்னியரிடம் திறையாக யானைகளைக் கோரியது. ஆம்ஸ்ரடாமின் சுவர்களில் தொங்கிய அமைதியான கடலுக்கும் முல்லைத்தீவில் ஒல்லாந்தர் நிறுவிய கோட்டைக்கும் நேரான காரணத் தொடர்பு இல்லை எனினும், இரண்டும் ஒரே வணிகப் பொருளாதாரத்தில் நிலைகொண்டவை எனலாம்.

19ஆம் நூற்றாண்டில் இக்கலைவகை மேலும் பரவியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லினிற் கண்டறியப்பட்ட பிரஷ்யநீலமும் 1820களில் பிரான்சிலே செயற்கையாக ஆக்கப்பட்ட அல்ட்ராமரீன் நீலமும் இரவின் நிறத்தை மலிவாக்கின. 1841இல் ஜோன் ராண்ட் உரிமம் பெற்ற உலோகக்குழாய் வண்ணத்தைப் பையிற் கொண்டுசெல்ல வழிசெய்தது. இரஷ்யப் பேரரசின் கடற்படைக்கு ஓவியராக விளங்கிய ஐவசோவ்ஸ்கி நிலவொளிக் கடல்கள் பலவற்றைத் தீட்டினார். ஆர்க்கிப் குயின்ஜி 1880இல் தினிப்பர் ஆற்றின் நிலவிரவைத் தீட்டி, சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் அவ்வொரு படத்தை மட்டும் இருட்டறையில் விளக்கொளி பாய்ச்சிக் காட்சிக்கு வைத்தார். மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். எனினும் அவர் கையாண்ட வண்ணங்களின் இயல்பால் அந்நிலவு பிற்காலத்தில் இருண்டு போயிற்று.

இங்கு ஓர் உண்மையை வலியுறுத்தல் வேண்டும். நிலவொளியை நிலவொளியில் இருந்து எவரும் வண்ணந்தீட்ட முடியாது. முழுமதியின் ஒளி ஞாயிற்றின் ஒளியில் ஏறத்தாழ நான்கு இலட்சத்தில் ஒரு பங்கே. அவ்வொளியிற் கண்ணின் நிறமறியும் கலங்கள் பெரிதும் செயலிழக்க, மங்கலொளியை உணரும் கலங்களே பார்க்கின்றன. எனவே பலகையிலுள்ள நீலம் எது, பச்சை எது என ஓவியனுக்குத் தெரியாது. நிலவு நீலமானது என்பதே ஓரளவு கண்ணின் இயல்பாலும் ஓரளவு ஓவிய மரபாலும் உண்டான எண்ணம். ஆகவே நிலவொளிக் கடல் எப்போதும் நினைவிலிருந்தே தீட்டப்படுவது. அசையும் அலையைக் கண்முன் வைத்து வரைய இயலாது, நினைவே வரையவேண்டும் என்பது ஐவசோவ்ஸ்கியின் கொள்கையாகவும் இருந்தது. நினைவே இக்கலையின் மூலப்பொருள் எனின், எவருடைய நினைவு என்ற வினா உடனே எழுகின்றது.

2

ஈழத்துக்கு இவ்வோவியம் வந்த வழி வேறு. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் இங்கு வந்த சாமுவேல் டானியல் 1808இல் இலங்கைக் காட்சிகளின் அச்சுத்தொகுதியை வெளியிட்டார். 1846இல் கொழும்பு அக்கடமியிற் சித்திரம் கற்பிக்க வந்த அன்ட்ரூ நிக்கல் நீர்வண்ணக் காட்சிகளை ஆக்கினார். இவர்களின் நோக்குக்கு நாடு ஒரு பயணியின் காட்சிப்பொருள். வன்னியை விரிவாக எழுத்திற் பதிவுசெய்த ஜே. பி. லூயிஸின் கைநூல் 1895இல் வெளிவந்தது. அது நிருவாகியின் நூல். வன்னி, ஆளுவோருக்கு அளந்து எழுதப்படவேண்டிய நிலமாக இருந்ததேயன்றித் தீட்டப்படவேண்டிய காட்சியாக இருக்கவில்லை.

தமிழர் இல்லங்களுள் எண்ணெய் ஓவியம் நுழைந்தது அச்சின் வழியாக. 1889இல் நிலவொளியில் அமர்ந்த பெண்ணைத் தீட்டிய இரவிவர்மா, 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் மூலம் தமது எண்ணெய் ஓவியங்களை மலிவான பிரதிகளாக்கினார். பார்சி நாடக மரபோடு வந்த வண்ணத் திரைச்சீலைகள் யாழ்ப்பாணத்து மேடைகளிலும் இடம்பெற்றன. இவ்வாறு நிலவும் நீரும் ஒளிபெற்ற புதிய காட்சிமுறை, எண்ணெயைத் தொடாத மக்களின் கண்ணையும் பழக்கியது.

கலைப் பயிற்சியென்ற நிலையில், இலங்கைப் பாடசாலைகளின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த வின்ஸரின் பெயரால் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் நிறுவிய வின்ஸர் ஓவியக் கழகம் முன்னோடியானது. நிலக்காட்சியும் உருவப்படமும் அங்குப் பயிலப்பட்டன. கொழும்பிலோ 1943இல் அமைந்த '43 குழு' கல்லூரிப் பாணியை மறுத்து எழுந்தது. அக்குழுவைச் சேர்ந்த ஐவன் பீரிஸ், தெகிவளைக் கரையில் வளர்ந்து, வாழ்வின் பெரும்பகுதியை இங்கிலாந்திற் கழித்து, 1988இல் மறையும்வரை தாம் விட்டுவந்த கரையையே மீண்டும் மீண்டும் தீட்டினார். அவருடைய கடல் அழகுக்காட்சியன்று; பிரிவின் வெளி. குருநகரில் பிறந்து கொழும்பிலே நுண்கலை பயின்ற அ. மாற்கு, யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்துக்கு ஒரு மாணவர் பரம்பரையையே உருவாக்கினார். 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வு அவரையும் ஊரைவிட்டுப் பெயர்த்தது. அவர் படைப்புக்கள் பல அழிந்தன. 2000ஆம் ஆண்டு அவர் காலமானார். உப்புக்காற்றும் பூஞ்சணமும் மட்டுமன்றி, இடப்பெயர்வும் நமது ஓவியச் சீலைகளின் பகையாக இருந்துவந்தது என்பதை நமது கலை வரலாறு கணக்கிற் கொள்ளவேண்டும்.

3

இனி, வன்னிக் கரையில் இரவுக் கடல் எவ்வாறு அறியப்பட்டது என நோக்குவோம். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு என்பது தமிழ் மரபு. கிழக்குக் கரையில் ஞாயிறு கடலில் மறைவதில்லை. நிலத்தின் பக்கம், பனைக்கும் காட்டுக்கும் பின்னே சாய்கின்றது. முழுமதி நாளில் அதே பொழுதிற் கடலிலிருந்து நிலவு எழுகின்றது. முல்லைத்தீவுக் கரையோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து கிடப்பது. ஆதலால் மார்கழியின் நிலவு ஏறத்தாழக் கரைக்கு நேரெதிரே எழும். அப்போது வடகீழ்ப் பருவக்காற்றாற் கடல் கொந்தளித்திருக்கும், வானும் பெரும்பாலும் முகில் மூடியிருக்கும். வைகாசியின் நிலவு தென்கிழக்கே சாய்ந்து எழும். சோளகக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதாற் கரையோர நீர் அமைதியாயிருக்கும். நாட்காட்டிப் படத்தில் நாம் காணும் நேரான ஒளித்தடமும் அமைதியான அலையும் ஒருங்கே வாய்ப்பது இக்கரையில் அரிது.

கடலிற் தொழில் செய்வோருக்கு நிலவு அழகின் பொருளாக முதலில் அமைவதில்லை, அது காலக்கணக்கு. விளக்கு வைத்து மீனைக் கவரும் தொழிலுக்கு நிலவுநாள் பயனற்றது. தெளிந்த நிலவில் வலை மீனுக்குத் தெரியும். ஆகவே வருவாய் நிலவும் இருட்டுமாக மாறி மாறி அளக்கப்படும். ஓவியன் தேடி வரும் இரவு, தொழிலாளியின் குறைந்த வருவாய்க்குரிய இரவு. கரைவலையின் உரிமையாளரான சம்மாட்டிக்கும் கயிறு இழுக்கும் கூலியாளுக்கும்கூட அக்கடல் ஒன்றன்று. நிலவொளிக் கடற்காட்சியில் மனிதர் பெரும்பாலும் இல்லாதிருப்பது தற்செயலானதன்று. உழைப்பை அகற்றினாலன்றிக் கடல் வெறுங்காட்சியாக மாறாது.

ஆயினும் இம்மக்களிடம் கடல்பற்றிய அழகுணர்வு இல்லை என்பது பொருளன்று. அது படச்சட்டத்துள் அமையவில்லை; சடங்கில் அமைந்தது. நந்திக்கடற் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கல் இதற்குச் சான்று. பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தம் எடுக்கப்பட்டு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் அக்கடல்நீரால் விளக்கேற்றப்படுகின்றது. அடுத்த திங்களன்று, முழுமதியை ஒட்டி, வற்றாப்பளையிற் பொங்கல் நிகழ்கின்றது. மதுரையை எரித்தபின் கண்ணகி இங்கு ஒரு மூதாட்டியாக வந்தாள் என்பதும், மாடு மேய்த்த சிறுவர் விளக்கேற்ற எண்ணெயில்லை என்றபோது கடல்நீரை விட்டு ஏற்றுமாறு பணித்தாள் என்பதும் வழிவழி வந்த கதை. கோவலன் கதை இப்பகுதியின் கூத்தாகவும் விடிய விடிய ஆடப்பட்டு வந்தது.

இக்கதையின் உண்மை பொய்களை ஆராய்வது நமது நோக்கமன்று. அதன் சமூகப் பொருள் கருத்துக்குரியது. எண்ணெய் விலைகொடுத்து வாங்கும் பொருள். கடல்நீர் எவருக்கும் உரியது. எண்ணெயற்ற சிறுவர் கடலையே ஒளியாக்கிக்கொண்டனர் என்ற கற்பனை, இல்லாமையிற் பிறந்த கற்பனை. கடலும் ஒளியும் இரவும் சேர்ந்த ஒரு காட்சியை வன்னி மக்கள் தாமே ஆக்கி வைத்திருந்தனர். அதில் அவர்கள் கரையில் நின்ற பார்வையாளர் அல்லர், நீரை ஏந்தியவர்கள்.

4

போர்க்காலம் இக்கடலிரவின் பொருளை முற்றாக மாற்றியது. 1990களில் வடபகுதிக்கு மண்ணெண்ணெய் உட்படப் பல பொருள்கள் தடைசெய்யப்பட்டபோது, சிறிய போத்தலுட் பஞ்சுத்திரி இட்டுச் சில துளி எண்ணெயிற் படிப்பதற்கு ஒரு தலைமுறை பழகியது. எண்ணெயில்லாச் சிறுவரின் கதை மீண்டும் நடப்பாயிற்று. தரைவழி அடைபட, கிளாலியிலிருந்து கடனீரேரியைப் படகிற் கடந்து பூநகரிப் பக்கம் சேர்ந்தோர் இருட்டையே நாடினர். நிலவு அவர்களைக் காட்டிக்கொடுக்கும் ஒளி. மீன்பிடிக்கு நேரமும் எல்லையும் விதிக்கப்பட்டன. நிலவொளிக் கடலை மனம் அமைதியுறும் காட்சியாகக் கொள்ளும் உலக மரபு, இங்கே தலைகீழாயிற்று.

2004 டிசம்பர் 26 முழுமதி நாள். சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலை, அன்று காலை முல்லைத்தீவு நகரையும் அதன் கரையூர்களையும் அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அழிவுக்கு நிலவு காரணமன்று. ஆனால் அன்று மாலை அக்கடலின்மேல் எழுந்த முழுமதியை உயிர்தப்பியோர் எவ்வாறு கண்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்காமல், அக்கரையின் நிலவைத் தீட்டப் புகுவது எங்ஙனம்?

2006 டிசம்பரில் அரிசி ஏற்றிவந்த 'பாரா 3' என்னும் கப்பல் முல்லைத்தீவுக் கரையில் தட்டி நின்றது. 2009இன் முதல் மாதங்களில் இலட்சக்கணக்கான மக்கள் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட குறுகிய மணற்றிட்டில், புதுமாத்தளன், அம்பலவன்பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என நெருக்குண்டு எறிகணைகளுக்கிடையே கிடந்தனர். காயமுற்றோர் சிலரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் கடல்வழியே ஏற்றிச் சென்றது. அவ்வாண்டின் மே மாத நிலவு 9ஆம் நாள் முழுமையுற்றது. மே 18இல் போர் முடிந்தது. துருவேறிய 'பாரா 3' அதன்பின்னும் சில காலம் அக்கரையில் நின்றது. மரபான நிலவொளிக் கடற்காட்சியின் எல்லா உறுப்புக்களும் அங்கே இருந்தன. கடல் இருந்தது; நிலவு இருந்தது; கப்பலும் இருந்தது. அவற்றைப் பழைய முறையிலே தீட்ட முடியாது என்பதே நாம் கூறவருவது.

போருக்குப் பின்னரும் இக்கரை அதன் மக்களுக்கு முற்றாகத் திரும்பவில்லை. வட்டுவாகலிற் கடற்படை முகாமுக்கெனப் பிடிக்கப்பட்ட 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும், நந்திக்கடலோரக் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் தொடங்கிய நிலமீட்புப் போராட்டமும் இதனை உணர்த்துவன. கரையில் நின்று நிலவைப் பார்க்கும் உரிமைகூட நிலவுரிமையோடு பிணைந்தது.

5

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு என்ன? எண்ணெய் வண்ணம் அந்நியமானது, ஆதலால் அதனை விலக்குக என்பது நமது கருத்தன்று. அச்சு, நாவல், மேடை முதலியவற்றைப்போல அதுவும் நமதாக்கப்பட்டுவிட்ட கருவி. இருளைப் படலம் படலமாகக் கட்டி, அதன்மீது சிறிதளவு ஒளியை எழுப்பும் அதன் ஆற்றல், இக்கரையின் வரலாற்றைச் சொல்வதற்கு மிகவும் ஏற்றது. விலக்கவேண்டியது, அக்கருவியோடு சேர்ந்து வந்த பார்வையிடத்தை: தொலைவில் ஓய்வாக நின்று, உழைப்பையும் இழப்பையும் அகற்றிக் கடலை வெறும் அழகாக்கும் பார்வையை.

வன்னிப் பாடசாலைகளிற் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர், நாட்காட்டியைப் படியெடுக்கும்படி மாணவருக்குக் கூறுவதை விடுத்து, நிலவுநாளிற் கரைக்கு அழைத்துச் சென்று சில வினாக்களை எழுப்பலாம். நிலவு எத்திசையில் எழுகின்றது? காற்று எப்பக்கமிருந்து வீசுகின்றது? இன்றிரவு எத்தனை வள்ளங்கள் கடலிற்கு இறங்கின, எத்தனை இறங்கவில்லை? வீட்டில் மூத்தோர் இக்கடலைப்பற்றிச் சொல்வது என்ன, சொல்லாமல் விடுவது என்ன? அதன்பின் வீடு திரும்பி, விளக்கின்கீழ், நினைவிலிருந்து வரையட்டும். நிலவொளிக் கடலை எவரும் அவ்வாறுதான் வரைய முடியும் என முன்னரே கண்டோம்.

அவ்வாறு வரையப்படும் படம் அழகற்றதாகவே இருக்கவேண்டும் என நாம் விதிக்கவில்லை. இத்தனைக்குப் பின்னரும் வைகாசி தோறும் மக்கள் அக்கடலுட் குடத்தோடு இறங்கி, நீர் எடுத்து, விளக்கேற்றுகின்றனர். தம்மவரைக் கொண்டுபோன அதே நீரையே அவர்கள் ஏந்துகின்றனர். அவர்களின் கையிலுள்ள அந்நீரையும், அதன்மேல் விழும் நிலவையும் பொய்யின்றித் தீட்டும் ஓவியம் வன்னிக் கரையிலிருந்து தோன்றுமாயின், அது நமது கலை வரலாற்றில் மட்டுமன்றி, அக்கலைவகையின் உலக வரலாற்றிலும் ஒரு புதிய அத்தியாயமாக அமையும்.